கன்னத்துக்கு ஒரு மாத்திரை

ஒன்பது வயதில் என் வயிறு பொதுச்சொத்தாகிவிட்டது. சிலிபினில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், செருப்பைக் கழற்றும்போதே "தம்பி இன்னிக்கு எத்தன தடவ போனான்?" என்றுதான் கேட்பார்கள். அம்மாவும் ரேடியோவில் வானிலை வாசிப்பதுபோல் பதில் சொல்வாள்: தண்ணியா, கெட்டியா, ரத்தம் உண்டா, இல்லையா. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அவர்கள் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் முக்கிச் சாப்பிடுவார்கள். அறையை விட்டு எழுந்து ஓட வேண்டியவன் நான் ஒருவன்தான். வேறு காரணத்துக்காகவும் ஓடிக்கொண்டிருந்தேன் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். குடலில் புண். வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர். புழு இல்லை, அம்மாவின் சமையலும் காரணமில்லை, லேசில் விட்டுப்போகாது, ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம். சமையல் விஷயத்தை மட்டும் அம்மா நம்பவில்லை. மற்றதை உறவில் யாருமே நம்பவில்லை.

பெரியப்பா எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, "புழுதான்லா இது. பேதிக்குக் கொடு" என்றார். ஏற்கெனவே பேதியாகிக் கிடப்பவனுக்குப் பேதி மருந்து! அத்தை கொய்யாக் கொழுந்தை இடித்துக் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். மாமா கையை வீசிக்கொண்டு வந்து, கல்லுமலைக் கோயிலுக்கு மொட்டை நேர்ந்துவிட்டுப் போனார். நேர்ந்தது அவர்; தலை என்னுடையது.

டாக்டரம்மா கொடுத்தது இரண்டு மாத்திரை. மஞ்சள் மாத்திரை மூத்திரத்தை ஆரஞ்சு நிறமாக்கும். அதனால் பள்ளிக்கூடக் கக்கூஸில் எனக்குக் கொஞ்ச நாள் நல்ல பெயர் இருந்தது. சின்ன வெள்ளை மாத்திரை வேப்பங்காய்க் கசப்பு. அதை விழுங்கியதும் பசி எடுத்தது பாருங்கள், அப்படி ஒரு பசி! மேசையைத் தின்னலாமா என்று யோசிக்க வைக்கும் பசி. ஆனால் புண் ஆறும்வரை உறைப்பு கூடாது, தோலும் விதையும் உள்ள காய்கறி கூடாது, அந்த மாத்திரைக்கு உப்பும் ஆகாது. பசியோ யானைப்பசி, தட்டிலோ சப்பென்ற கஞ்சியும் அவித்த மீனும். அப்பா ஜெலாப்பாங் ஃபேக்டரியிலிருந்து வந்ததும், எனக்குத் தெரியக்கூடாதென்று தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலி சம்பல் சாப்பிடுவார். எனக்குக் கண் இருக்கிறது என்று நினைத்தவர், மூக்கை மறந்துவிட்டார்.

எப்படியோ ரத்தம் நின்றது. கூடவே என் கன்னம் உப்ப ஆரம்பித்தது. உப்பி, உப்பி, கண் இரண்டும் கோடாகி, பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'பாவ்' ஆனது. கடையில் ஆவி பறக்க விற்கும் சீன ரொட்டி, அதேதான். வீட்டில் திருவிழா.

"பாத்தியா கன்னத்த! கொய்யாக் கொழுந்து வேலய காட்டிருச்சு," என்றாள் அத்தை.

"நீ சும்மா இரு. மொட்ட போட்டப்பறம்தான் இது," என்றார் மாமா.

"அப்பவே பேதிக்குக் கொடுத்திருந்தா இன்னும் சீக்கிரம் தேறிருப்பான்லா," என்றார் பெரியப்பா. கொடுக்காத மருந்துக்கும் பெயர் தட்டிக்கொண்டு போனவர் அவர்தான். டாக்டரம்மா பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மா, புண் அடங்கிவிட்டது, வெள்ளை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். குறைத்தோம். கன்னம் வற்றத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷம், பாவ் பட்டம் போகுமே! அம்மாவுக்குத்தான் என்னவோ ஆனது. காலையில் என்னை ஜன்னல் பக்கம் இழுத்துப்போய் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "ஐயோ, ஒட்டிப்போச்சே," என்பாள். நல்லாத்தான்மா இருக்கேன், ஒரு தடவதான் போனேன் என்று கத்தினாலும் காதில் ஏறாது. பிறகு பால் டின்னில் மிச்சம் வைத்திருந்த மாத்திரைகள் மறுபடி என் உள்ளங்கைக்கு வந்தன. கன்னமும் வந்தது.

மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என்னைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார். போன தடவை நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். முகத்தைப் பார்த்தார்.

"வெள்ளை மாத்திரை இப்ப எத்தனை, தம்பி?"

"நாலு!" என்றேன், பரீட்சையில் விடை தெரிந்தவனைப் போல.

ஒன்றாக இருக்க வேண்டியது. டாக்டரம்மா அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, மாத்திரை குடலுக்கா, கன்னத்துக்கா? இது சதையே இல்ல, மருந்தோட வீக்கம். இப்படியே கொடுத்துக்கிட்டிருந்தா புள்ள வளரமாட்டான்."

இன்றும் பஸ்ஸில் மேல்கம்பி எனக்கு எட்டுவதில்லை. மாத்திரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். அப்பாவும் என் உயரம்தான் என்பதை யாரும் கேட்காதவரை நான் சொல்வதில்லை.

டாக்டரம்மா இன்னும் நன்றாகத் திட்டுவார் என்று ஆவலாகக் காத்திருந்தேன். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னாள்:

"மெலிஞ்சா பயமா இருக்கு டாக்டர். எஸ்டேட்ல இருந்தப்ப மூத்தவளுக்கும் இப்படித்தான் வயித்தால போயி, மொதல்ல கன்னந்தான் ஒட்டிச்சு. சின்னப் புள்ளைங்க மெலியறது சகஜம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். மூணு வயசு."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ பசி உயிர் போனது. எங்கள் வீட்டில் மூத்தது நான். ஆகவே அந்த மூத்தவள் எஸ்டேட்டில் வேறு யாரோ வீட்டுப் பெண் என்று முடிவு செய்துகொண்டேன். "போலாம்மா" என்று சேலையை இழுத்தேன். யார் பெற்ற பிள்ளைக்கோ, இத்தனை வருடம் கழித்து, ஊர் பார்க்க அம்மா இப்படியா அழுவாள் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.