கேட்டைக் கொடுத்து வாங்கிய பின்பால் பெட்டி

கன்டெய்னர் கதவைத் திறந்தவுடன் முதலில் வெளியே வருவது வாடைதான். கடல் உப்பு, துரு, இறுகிப்போன கிரீஸ், எந்த ஊர் மழையிலோ நனைந்த அட்டை எல்லாம் கலந்த அந்த வாடை, என் நைனாவின் காக்கிச் சட்டையோடு தினமும் எங்கள் வீட்டுக்குள் வரும். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்பா என்றால் "நைனா"தான். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையின் ஸ்கிராப் யார்டில் அவர் கிரேன் ஓட்டினார். வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வரும் பழைய இரும்பைப் பெரிய காந்தத்தால் தூக்கி உலைக்கு அனுப்புவது அவர் வேலை.

அப்படி அனுப்ப வேண்டியவற்றில் சிலவற்றை அனுப்ப அவருக்கு மனசு வராது. முள் உடைந்த கப்பல் கடிகாரம், சாவி இல்லாத பித்தளைப் பூட்டு, ஏதோ ஒரு காரின் ஸ்பீடோமீட்டர் என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பார். சூப்பர்வைசரிடம் கேட்டு, அதே எடைக்கு வேறு பழைய இரும்பைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டு வருவார். முன்னறைச் சுவர் முழுக்க ஆணியடித்து மாட்டியிருந்த அந்தச் சேகரிப்பை அம்மா "உங்க நைனாவோட ஓட்ட ஒடசல் கட" என்பாள்.

நான் நாலாவது படித்த வருஷம் ஆயுதபூஜைக்குக் குடும்பங்களை ஆலைக்குள் விட்டார்கள். பொரிப் பொட்டலத்தோடு யார்டைச் சுற்றி வந்தபோதுதான், நசுங்கிய வாஷிங் மெஷின்களுக்கு நடுவே செங்குத்தாக நின்றிருந்த அந்த நீள மரப்பெட்டியைப் பார்த்தேன். மேலே கண்ணாடி, அதற்குள் காளான் போன்ற பிளாஸ்டிக் குடைகள், தலைமாட்டில் ஒரு பலகை, அதில் சர்க்கஸ் உடையில் ஊஞ்சலாடும் ஒரு பெண்ணின் படம். வாஷிங் மெஷின்கள் அப்பளமாகியிருக்க, இதன் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. நைனா அதன் முன்னால் நின்ற நிலையைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "இன்னாங்க, அத்த மட்டும் எடுத்தாராதீங்க, வைக்க எடமில்ல" என்றாள்.

பூட்டும் கடிகாரமும் போலல்ல இது. இரண்டு ஆள் கனம். அத்தனை இரும்புக்கு எங்கே போவது? அந்த வாரக் கடைசியில் நைனா எங்கள் வீட்டு இரும்புக் கேட்டைக் கீலோடு கழற்றி மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அதே வண்டியில் பெட்டி வந்தது. தெரு ஆடுகள் வாசல்வரை வந்து அம்மா வைத்திருந்த கனகாம்பரத்தை மேய்ந்துவிட்டுப் போயின.

அது என்ன பொருள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டு எடை மிஷின் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரிச் சாமான், கை வைக்காதே என்றார் எதிர்வீட்டுக்காரர். நானும் நைனாவும் கண்ணாடியைக் கழற்றி, பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம். வண்ண வண்ண ஒயர்கள், நூல்கண்டு போல செம்புக் காயில்கள், எண் எழுதிய உருளைகள், மூன்று சின்ன மணிகள். ஒரு மூலையில் சிவப்பு ஹேர்பின் ஒன்று கிடந்தது. அதைக் குத்தியிருந்த பெண்ணுக்கு என் வயசிருக்குமா, எந்த ஊர், இதற்குள் அது எப்படி விழுந்தது என்று நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதில் தெரிந்தவர் பஜாரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த காசிம் பாய். பழவேற்காட்டுக்காரர், இளவயதில் கப்பல் இஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். வந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். "இத்தப் போயி ஆஸ்பத்திரி சாமான்றீங்களே. இது பின்பாலு. துறைமுகத்துல எறங்குனா நாங்க மொதல்ல போறதே இதுங்கிட்டத்தான். குண்டு மேல போவும், கீழ வரும். குழியில உழாம இந்த ரெண்டு ரெக்கையால அடிச்சுக்கினே இருக்கணும். அவ்ளோதான் ஆட்டம்."

அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நைனாவுக்கு இல்லை. பெட்டி வந்த நாட்டுக் கரண்டுக்கும் நம் கரண்டுக்கும் ஒத்துவராது என்று காசிம் பாய் ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டிக் கொடுத்தார். இற்றுப்போன ரப்பர் வளையங்களுக்குப் பதிலாக சைக்கிள் டியூபை வட்டவட்டமாக நறுக்கிப் போட்டோம். குண்டுக்கு ஆலைப் பட்டறையிலிருந்து பேரிங்குக்குள் உருளும் ஒரு பெரிய "பால்ரஸ்" வந்தது. மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. கடைசியில் ஒரு சாயங்காலம் சுவிட்சைப் போட்டபோது ஊஞ்சல்காரிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. நைனா குண்டைத் தள்ளும் கம்பியை இழுத்து விட்டார். குண்டு ஓடி ஒரு குடையில் மோத, "டிங்" என்று மணியடித்து எண் உருளை திரும்பியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தாள்.

அதன் பிறகு நைனாவுக்கு மற்ற சாமான்கள் கண்ணில் படவில்லை. வேலை முடிந்து வந்ததும் கை கழுவிவிட்டுப் பெட்டியைத் துடைப்பார், பிறகுதான் டீ. நான் எட்டாவது போன வருஷம், யார்டில் சங்கிலி நழுவி அவருடைய இடது கை மாட்டிக்கொண்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. இனி கிரேனில் ஏற முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பெட்டியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார். மாதக்கணக்கில் அதன் பக்கமே திரும்பவில்லை. இடது ரெக்கையை அடிக்க வைக்கும் பக்கவாட்டுப் பொத்தான் இடது விரல்களுக்கானது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து ஹைவேயில் ஓட்டல் திறக்கப்போகும் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். வாசலில் அலங்காரத்துக்கு வேண்டும் என்றார். நைனா போர்வையைக்கூட விலக்காமல், "எடுத்துக்கினு போங்க" என்றார். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"இத்த எடுக்கறதுக்கு முன்னால என் கேட்ட கொண்ணாந்து மாட்டச் சொல்லுங்க."

வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நைனா தலையைக் குனிந்துகொண்டார். உருகிப்போன கேட்டை யார் கொண்டுவர முடியும்? ஓட்டல்காரர் போன பிறகு அம்மா போர்வையை உருவி மடித்து வைத்தாள். சுவிட்சைப் போட்டுவிட்டு இடது பக்கம் நின்று, "நீங்க அந்தப் பக்கம் அடிங்க, நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன்" என்றாள்.

முதல் நாள் குண்டு குழியில்தான் விழுந்துகொண்டிருந்தது. அம்மா ஒன்று முந்தி அடிப்பாள், இல்லை பிந்தி அடிப்பாள். "அவசரப்படாத, குண்டு ஒன்கிட்ட வரட்டும்" என்று நைனா சொல்ல, "வந்தா தெரியாதா எனக்கு" என்று அவள் திருப்பிச் சொல்ல, அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு சண்டைச் சத்தம் கேட்டது. ஆலையில் அவருக்கு வாசலில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். சாயங்காலம் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்று ஆடுவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர்கள் அவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை. சில சமயம் நான் கூப்பிட்டாலும் இருவருக்கும் காது கேட்காது.

இப்போது நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். குடும்பம் மணவாள நகருக்கு வந்துவிட்டது. இந்த வீட்டில் கரையான் அந்தப் பெட்டியை அடியிலிருந்து தின்றுவிட்டது. காசிம் பாயும் இல்லை, அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பழைய இரும்பும் இப்போதெல்லாம் வெளிநாட்டிலேயே பொடிப்பொடியாக வெட்டித்தான் வருகிறதாம். எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று நைனா வருத்தப்படுவார்.

போன மாதம் அவரைச் சென்னையில் ஒரு மாலுக்கு அழைத்துப்போனேன். விளையாட்டுக் கூடத்தில் புத்தம்புது பின்பால் ஒன்று இருந்தது. திரையில் படங்கள் ஓட, வெள்ளிக் குண்டு பறந்தது. இடது பக்கம் நிற்க அம்மா கூட வரவில்லை, அவர் ஒற்றைக் கையால் ஆடித் தோற்றார். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து, அடுத்தவர் ஆடி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் செஞ்சிக்கிறான். ஆனா உள்ள மணி இல்ல. மணிச் சத்தம் மட்டும் வச்சிக்கிறான்" என்றார்.

சொல்லிவிட்டு, இன்னொரு ஆட்டம் ஆட வரிசையில் போய் நின்றுகொண்டார்.