பத்மா மேடம் அடைக்க விடாத வால்வு

பத்மாவதி இறந்துவிட்டார் என்று கோயம்புத்தூரிலிருந்து அவருடைய தம்பி போனில் சொன்னபோது நான் டியூட்டியில் இருந்தேன். மறுநாள் எங்கள் பராமரிப்பு கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. இங்கே பஹ்ரைனில், குதைபியா பகுதியில் நண்பர்கள் கூடியிருந்த அறையில் ஒருவர் அதை உரக்க வாசித்தார். ‘அமைதியானவர், அனுசரித்துப் போகிறவர்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். பத்மா மேடம் அமைதியானவர் அல்ல. அனுசரிக்கவில்லை என்பதற்காகவே அவரை சைட்டிலிருந்து தூக்கிய மேலாளரின் பெயர்தான் அந்த மின்னஞ்சலின் கீழே இருந்தது.

பெண்கள் அளவில் பாதுகாப்பு ஷூ கிடையாது என்று ஸ்டோரில் கைவிரித்த நாள் நினைவிருக்கிறதா? எங்கள் கம்பெனியின் ஒரே பெண் இன்ஜினியர் அவர். ஸ்டோர்கீப்பரின் மேசைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். “எனக்கு இங்கயே உக்காரவும் சம்பளம்தானுங்க” என்றார். மாலைக்குள் ஷூ வந்தது.

இந்தப் பாலைவனத்தில் வீட்டைச் சூடாக்க பாய்லரா என்று ஊரில் சிரிப்பார்கள். பஹ்ரைனின் ஜனவரி காற்றில் நின்றவர்கள் சிரிக்க மாட்டார்கள். நாங்கள் பார்த்துக்கொண்ட குடியிருப்பின் வில்லாக்களில் குழாய்களில் வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும். அதில் ஒரு வில்லாவில் தரை ஈரமாகிறது என்று அடிக்கடி புகார். அழுத்தம் ஏறும்போதெல்லாம் பாய்லரின் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரைத் துப்பியது. புது டைல்ஸ் கறையாகிறது என்று சொல்லி, அந்த வால்வின் வாயை பித்தளை மூடியால் அடைக்கச் சொன்னார் மேலாளர். பிளம்பர் அடைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மேடமும் நானும் போனோம். அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. மேடம் முதலில் பர்னரை அணைத்தார். பக்கத்து அறையிலிருந்த கைக்குழந்தையையும் அதன் அம்மாவையும் வெளியே போகச் சொன்னார். பாய்லர் ஆறும்வரை காத்திருந்து மூடியைக் கழற்றினார். பிறகு பக்கத்திலிருந்த விரிவுத் தொட்டியின் காற்று முனையை அழுத்தினார். காற்று வரவேண்டிய இடத்தில் தண்ணீர் பீய்ச்சியது. உள்ளே காற்றையும் தண்ணீரையும் பிரிக்கும் ரப்பர் பை கிழிந்திருந்தது. சூடாகி விரியும் தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை.

மேலாளர் வந்தார். “புதுத் தொட்டி துபாய்லேர்ந்து வரணும் மேடம். அது வரைக்கும் மூடியைப் போட்டு ஓட்டுங்க. ஏன் சும்மா சீன் பண்றீங்க?”

“தண்ணி விரியத்தானுங்க செய்யும். நாம இடம் குடுக்கலைன்னா அதுவே எடுத்துக்கும். வால்வை அடைச்சா இது பாய்லர் இல்லைங்க, குண்டு.”

“இவங்க குளிர்ல கஷ்டப்படறாங்களே?”

“குளிர்னா போத்திக்கலாம் சார். வெடிச்சா எதைப் போத்துவீங்க?”

அதுவரை வீடு குளிர்கிறது என்று மேடத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தார் அந்தக் குழந்தையின் அம்மா. அவரும் தமிழ்ப் பெண், வங்கியில் வேலை. இதைக் கேட்டதும் அவர் உள்ளே வந்து பாய்லர் அறைக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “புதுத் தொட்டியோட வாங்க. அதுக்கு முன்னாடி யாரும் உள்ள போகக் கூடாது” என்றார். துபாயிலிருந்து வரவேண்டியிருந்த தொட்டி, அந்த வாரமே வந்து சேர்ந்தது.

வீடு தப்பியது. மேடம் தப்பவில்லை. அடுத்த மாதமே ‘சைட் வேலை பெண்களுக்குச் சிரமம்’ என்று சொல்லி, புகார் போன்களை எடுக்கும் மேசையில் உட்காரவைத்தார்கள். சிரமம் என்று அவர் யாரிடம் சொன்னார்? அடைக்கச் சொன்ன ஆளுக்குப் பதவி உயர்வு. திறந்தவருக்குத் தொலைபேசி. இரண்டு வருடம் அந்த மேசையில் இருந்தார். அங்கேயும் விடவில்லை. வால்வு சொட்டுகிறது என்று யார் கூப்பிட்டாலும், “யாராவது அடைக்க வந்தா கதவைத் திறக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் புகாரையே பதிவு செய்தார். பிறகு நோய் வந்தது, ஊருக்குப் போனார்.

கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து என்னிடம் பேசினார். குரல் தேய்ந்திருந்தது. “பொறுமையா தாங்கிட்டுப் போனாள்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. டாக்டர்ல இருந்து கேன்டீன்காரர் வரைக்கும் எல்லாரையும் திட்டிட்டுத்தான் கெடக்கறேன்” என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தை. செத்தவரைப் பற்றி நல்லபடியாகப் பேசுவோம் என்று அதை ஆறவிட எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை நாம் நடத்தும் இரங்கல் கூட்டத்தில் தானும் சில வார்த்தைகள் பேசலாமா என்று மேலாளர் ஆள் விட்டுக் கேட்டார். வரலாம், பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.