ஓமத் தண்ணீரும் ஒரு பன்னும்

பக்கத்து வீட்டில் அழும் கைக்குழந்தைக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள் போல. அந்த வாசனை சன்னல் வழியே வந்ததும், பல்லாவரத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்ட எங்கள் பள்ளியின் சிக் ரூமுக்குள், பச்சை ரெக்சின் கட்டிலும் தையல் மிஷினும் இடித்துக்கொண்டு கிடந்த அந்தக் குட்டி அறைக்குள், நான் மறுபடி போய் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடைபோட இடம்பிடிக்க அம்மா விடியுமுன்னே கிளம்பிவிடுவாள், வீட்டில் அடுப்பு எரியாது, இரண்டாவது பீரியடில் வயிறு முறுக்கும், பசி என்று சொல்ல வெட்கப்பட்டு வலி என்பேன்.

“இன்னாடி, வெள்ளிக்கெழமன்னா கரெக்டா வயித்துவலி வந்துடுது உனுக்கு?” என்பாள் பக்கத்தில் உட்காரும் கலா. பெஞ்சே சிரிக்கும்.

சிக் ரூமையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட தையல் டீச்சர் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார். பாட்டில் மூடியில் ஓமத் தண்ணீரை ஊற்றித் தந்து, கைப்பையிலிருந்து ஒரு பன்னையும் எடுத்து நீட்டுவார்.

“வெறும் வயித்துல இந்த மருந்து வேலை செய்யாதும்மா. சாப்பிடு.” கண் துணியிலேயே இருக்கும், கால் மிஷினை மிதித்தபடி இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் பன்னைக் கடிக்கப்போகும்போது, வாசலில் கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மிஸ், எனுக்கும் வலிக்குது.”

டீச்சர் இன்னொரு மூடி ஊற்றினார். நான் பன்னை இரண்டாகப் பிய்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மென்றோம்.

குழந்தையின் அழுகை நின்றுவிட்டது. எனக்குத்தான், வயிறாரச் சாப்பிட்ட பிறகும், அந்தப் பாதி பன்னுக்குப் பசிக்கிறது.