கோமுரோ வீட்டுக் கல்

கோயில் மலைமேல் இருந்தது. படி நூற்றெண்பது. கினுயோவுக்கு அறுபத்தேழு வயது. பெட்டிச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் விடியற்காலையிலிருந்து நின்றே வேலை. புருஷன் கோமுரோ போய் ஒன்பது வருஷம். அவர் வீட்டு ஐந்து தலைமுறை எலும்பும் கோயிலுக்குப் பின்னால் ஒரே கல்லுக்கு அடியில் இருந்தது. இரவும் பகலும் சமமாகும் நாட்களில், வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை, ஏறிப் போய் அதைக் கழுவ அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

இனி முடியாது. எலும்பைக் கீழே ஊருக்குள் கொண்டுபோய்விட வேண்டும். அதற்குக் கோயில் சாமியார் தோஷுனின் சம்மதம் வேண்டும். போன முறை கேட்கத்தான் வந்தாள், வாய் வரவில்லை. “படியெல்லாம் செங்குத்தாயிடுச்சு போல, சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கேட்பார்கள். புரிந்துகொள்வார் என்று நம்பினாள்.

இந்த வசந்தத்தில் வந்தால், அடியிலிருந்து உச்சிவரை புது மூங்கில் கைப்பிடி.

மேலே சாமியார் தேநீரோடு காத்திருந்தார். கட்டைவிரலில் துணிக்கட்டு.

“எப்படி இருக்கு? குளிர்காலம் பூரா இதே வேலைதான்.”

“வழவழன்னு இருக்கு, சாமி.”

“உங்களுக்காகத்தாம்மா. வேற யாரு வர்றா?”

சிவப்புப் பயறு பூசிய சோற்று உருண்டைகளை அவர் முன் வைத்தாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. இதற்குமேல் சுற்றி வளைக்க உடம்பில் தெம்பில்லை.

“சாமி, எங்க வீட்டுக் கல்லை எடுத்துடலாம்னு இருக்கேன்.”

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அப்போ படியைப் பத்திச் சொன்னது?”

“இதைத்தான் சொன்னேன்.”

“நேரா சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு மூங்கில் தோப்பு பிழைச்சிருக்குமேம்மா.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் துணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நீங்களும் போனா இந்தக் கோயிலுக்கு மூணு வீடுதான் பாக்கி, அவங்களும் ஏறி வர்றதில்ல. சரி. கல்லிலேர்ந்து உயிரை விடுவிக்க மந்திரம் சொல்லணும். இலையுதிர் காலத்துல நாள் பார்ப்போமா?”

“இன்னிக்கே ஆகாதா, சாமி? எலும்பை எடுக்க ஆள் வருவாங்க, இன்னொரு தடவை என்னால ஏற முடியாது.”

சடங்குக்குப் போடும் மேலங்கியை எடுக்க அவர் எழுந்தார்.

கினுயோ வாளியில் தண்ணீர் மொண்டு கல்லைக் கழுவினாள். மந்திரம் தொடங்கியபோது நிற்க முடியாமல் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்லுக்கு அடியில் இருந்த அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் சொல் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“கீழ வந்துடுங்க,” என்றாள் கல்லைப் பார்த்து. “பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கம்தான்.”