லோகேஸ்வரி டீச்சர் சிரிக்கக்கூடாது

வாய்க்குள்ளே கைவிட்டுப் பிழைக்கிற என் இனமே, கதிரையில் இருக்கிறவர் வாய் திறக்கமாட்டார், பக்கத்தில் நிற்கிறவர் வாய் மூடமாட்டார். இதுதானே எங்கள் தொழில்!

மாடு வேண்டாம்

சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் என் பல் கிளினிக். சாம்பல்தீவிலிருந்து லோகேஸ்வரி டீச்சர் வந்தா. வெடித்த செல் குண்டின் துண்டொன்று மேல் முன்பல் இரண்டையும், அவை நின்ற எலும்பையும் கொண்டுபோயிருந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் பாலர் வகுப்பு எடுக்கிறாவாம். பிள்ளைகள் பயப்படுகிறார்களாம்.

எலும்பில்லாமல் பல்லை எதில் நடுவது? பதப்படுத்திய மாட்டெலும்புத் தூள் இருக்கிறது, அதை வைத்து நிரப்பலாம் என்றேன். அவ கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "மாட்டை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு பிள்ளையாருக்கு முன்னாலை எப்பிடி டொக்டர் தேவாரம் பாடுறது?"

யாருடைய நாடி?

அப்படியென்றால் உங்கள் நாடியிலேயே, கீழ்த்தாடை முனையில், ஒரு துண்டு எலும்பு வெட்டி, மேலே வைத்துச் சின்ன ஆணியால் இறுக்கலாம் என்றேன். கூட வந்த கணவர் சிவராசா படகு எஞ்சின் திருத்துகிறவர். பகிடி விடாமல், ஆளைச் சிரிக்கவைக்காமல், கொஞ்ச நேரமும் இருக்க ஏலாத மனுசன். அவர் முகம் கறுத்துப்போய் என் கையைப் பிடித்தார். "அவ பட்டது காணும் டொக்டர், இனியும் வேண்டாம். என்ர நாடி பெரிசு, அதிலை வெட்டுங்கோ."

குசினிச் சாப்பாடு

அவவின் நாடியில்தான் வெட்டினேன். தைத்துவிட்டு, மூக்குச் சிந்தவேண்டாம், முக்கியமாக வாய்விட்டுச் சிரிக்கவேண்டாம், தையல் விட்டால் வைத்த எலும்பு வீண் என்று சொல்லி அனுப்பினேன். தையல் வெட்டுகிற நாளன்று சண்டையால் பாதை பூட்டு. திறந்தபிறகு வந்தவவின் உதட்டை நான் தூக்கிப் பார்த்தேன், பயத்தோடுதான். வைத்த எலும்பின் மேல் முரசுச் சதை அழகாக மூடியிருந்தது! எனக்கே கண் கலங்கிவிட்டது. எப்படி இவ்வளவு கவனமாக இருந்தீர்கள் என்று கேட்டேன். "இவர் என்னோடை கதைக்கிறேல்லை டொக்டர். கதைச்சா நான் சிரிச்சிடுவனாம். இவர் சாப்பிடுறதும் தனியக் குசினிக்குள்ளை, அடுப்படியிலைதான்."

மிச்சக் கதை

தையல் வெட்டியபிறகும் மனுசன் பகிடி விடவில்லையாம். எலும்பு ஒட்ட மாதக்கணக்கு. அதில் பல்லைத் தாங்கும் ஆணி இறக்கி, அது பிடிக்க இன்னும் மாதக்கணக்கு. கடைசியில் பல்லைப் பூட்டிக் கண்ணாடியைக் கொடுத்தேன். பழக்கதோஷம், அவவின் கை தானாகச் சேலைத் தலைப்பைத் தூக்கியது. இனிச் சிரிக்கலாம் என்றேன். அவ்வளவுதான், சிவராசா இத்தனை காலமும் அடக்கிவைத்திருந்த கதையொன்றை அவிழ்த்துவிட்டார். பாதியிலேயே அவ சிரித்துவிட்டா, தலைப்பு நழுவியது, இரண்டு புதுப் பல்லும் தெரிந்தன. அவருக்கோ கதையைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுகை. அவ தோளில் தட்டினா. "இஞ்சாருங்கோ, மிச்சக் கதையைச் சொல்லுங்கோவன். நான் இன்னும் சிரிச்சு முடிக்கேல்லை."

ஆக, எலும்பு ஒட்டவேண்டுமென்றால் நாங்கள் நோயாளியின் முரசைத் தைத்தால் மட்டும் போதாது, புருசன்காரரும் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளவேண்டும்.