ஒன்றரை நிமிடப் பாட்டு

கல்முனையில் பல் வைத்தியரின் அறைக்கு வெளியே நாங்கள் இருவர்தான் மிச்சம். இருவருக்கும் பல் பிடுங்க வேண்டும். மற்றவர் கடலுக்குப் போகிறவர். நரைத்த தாடி, வலை இழுத்துக் காய்த்துப்போன கை. அந்தக் கையில் ஒரு போன், அதில் ஒரு ராப் பாட்டு. கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்பார். சூடு பிடிக்கிற இடத்தில் பாட்டு சட்டென்று நின்றுவிடும். உடனே கண்ணைத் திறந்து கதவைப் பார்ப்பார். பிறகு மறுபடியும் அதையே போடுவார்.

“ஒண்டரை நிமிஷம் தம்பி. பாட்டு முடியிது, பயம் முடியிதில்ல. இன்னும் கொஞ்சம் பாடினா இவனுகளுக்கு என்ன கொறஞ்சி போகும்?”

“கடலுக்குப் போற ஆளுக்குப் பயமா காக்கா?” அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

“கடல் ஊசி போடாது தம்பி.”

அவரை உள்ளே அழைத்தார்கள். போனை என் கையில் திணித்தார். “நிக்க உடாதீங்க. எனக்கு உள்ள கேக்கணும்.”

கதவோரம் நின்றேன். பாட்டு முடிகிற இடம் நெருங்கும்போதெல்லாம் விரலைத் தயாராக வைத்துக்கொண்டேன். ஏழு தடவை போட்டேன்.

கன்னத்தில் பஞ்சோடு வந்தவர் போனை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நான் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்ததும் வெளியே அதே பாட்டு தொடங்கியது. சரியாக ஊசி ஏறும்போது நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் தொடங்கியது.

முடிந்து வந்தபோதும் அவர் கதவோரத்திலேயே நின்றிருந்தார். பெயரைக் கேட்க வாயெடுத்தேன். இருவர் வாயிலும் பஞ்சு.