இரண்டு வருடக் கறுப்பு

தொண்ணூறுகளின் கடைசியில், தொம்மலூர் ஆபீஸ் ஒன்றில் பழைய அமெரிக்கப் புத்தகங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பது என் வேலை. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். இரண்டுக்கும் எங்கே வித்தியாசம் இருந்தாலும் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும்.

என் புருஷன் செத்துப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வாரம் என் தலையில் விழுந்தது, நூறு வருடத்துக்கு முந்தைய குடும்பப் பெண்களுக்கான புத்தகம். கிறிஸ்துமஸ் விருந்தில் யார் எங்கே உட்காருவது, புது வருடத்தன்று வீட்டுக்கு வரும் ஆண்களை எப்படி வரவேற்பது என்று போய்க்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் பக்கம் வந்தது. புருஷன் செத்தால் பெண்டாட்டி இரண்டு வருடம் கறுப்பு உடுத்த வேண்டும், விசேஷ வீடுகளுக்குப் போகக் கூடாது. பெண்டாட்டி செத்தால் புருஷனுக்குச் சில மாதம் போதும். அடப்பாவிகளா, கடல் தாண்டியும் இதே கதைதானா என்று வயிறு எரிந்தது.

தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மேடைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா இல்லாததால் தாரை வார்க்கப் போவது சித்தப்பா. சித்தி செத்ததே என் புருஷனுக்கு அப்புறம்தான். அதற்குள் சித்தப்பாவுக்கு இன்னொரு கல்யாணம் முடிந்து, ஜோடியாக நிற்க ஆள் ரெடி.

"நானே மேடை ஏறல. நீ ஏறுவியா?" என்றாள் அம்மா.

மறுநாள் அந்தப் பக்கத்தை மாற்றி அடித்தேன். ஆணுக்கு இரண்டு வருடம், பெண்ணுக்குச் சில மாதம். மெஷின் விடுமா? சூப்பர்வைசர் காகிதத்தோடு வந்து நின்றார்.

"மேடம், புக்ல தப்பே இருந்தாலும் இருக்கிற மாதிரியே அடிங்க. யோசிக்கிறது நம்ம வேலை இல்ல."

திருத்திக் கொடுத்தேன்.

முகூர்த்த நேரத்தில் நானும் அம்மாவும் சாப்பாட்டு ஹாலில் வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தோம். கெட்டிமேளம் கேட்டது. பத்தடி நடந்தால் மேடை தெரியும். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. ஆனாலும் போகவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

பிறகு ஆல்பம் வந்தது. மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுகிறார். சித்தப்பா புதுச் சித்தியோடு சிரிக்கிறார். தங்கை கேமராவைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு ஹால் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.